பாட்டிலை மாற்றியும் சாகாத மாட்டுண்ணி

"அண்ணே, போன மாசம் குடுத்த உண்ணி மருந்து கேக்கவே இல்ல. வேற ஏதாச்சும் குடுங்க."

கால்நடை மருந்துக்கடையில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும். கடைக்காரர் வேறு நிறப் பெட்டி ஒன்றை எடுத்து நீட்டுவார். போன மாதம் வாங்கியது சைபர்மெத்ரின். இன்று கையில் இருப்பது டெல்டாமெத்ரின். அடுத்த மாதம் அது ஃபுளுமெத்ரினாக இருக்கலாம். பெயர் வேறு, கம்பெனி வேறு, விலை வேறு. ஆனால் மூன்றும் செயற்கைப் பைரெத்ராய்டு என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. உண்ணியின் உடம்புக்குள் மூன்றும் போய்த் தாக்குவது ஒரே இடத்தை. அந்த இடத்தின் அமைப்பே மாறிப்போன உண்ணியை மூன்றாலும் கொல்ல முடியாது. மருந்தை மாற்றிவிட்டோம் என்று நம்பி, கடன் வாங்கிக்கூடப் பணம் கொடுத்தவர், உண்மையில் மாற்றியது பாட்டிலை மட்டும்தான்.

மருந்தில் கலப்படம் என்று பலர் சொல்கிறார்கள். சில இடங்களில் அப்படியும் இருக்கலாம். ஆனால் நல்ல மருந்தும் தோற்கிறது. அது ஏன் தோற்கிறது என்பது நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட கதை. அதைத் தெரிந்துகொண்டால்தான் நம் தொழுவத்தில் எங்கே தவறுகிறோம் என்பது புரியும்.

முதலில் உண்ணியைப் பார்த்துவிடுவோம். இந்திய மாடுகளில் பரவலாகக் காணப்படும் உண்ணி ரிப்பிசெபாலஸ் மைக்ரோபிளஸ். ஆசியாவில் தோன்றி, மாடுகளோடு கப்பலேறி வெப்ப நாடுகளுக்கெல்லாம் பரவியது. இது குஞ்சாக ஒரு மாட்டில் ஏறினால் அதே மாட்டில்தான் தோலுரிக்கும், இணைசேரும், ரத்தம் குடித்து உப்பும். ஏறியதிலிருந்து உப்பிக் கீழே விழும்வரை ஏறக்குறைய 3 வாரம். இதில் நம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவது கடைசிச் சில நாட்கள்தான். அப்போது அது ஆமணக்கின் கொட்டமுத்துபோல் இருக்கும். (ஆமணக்கின் அறிவியல் பெயரில் வரும் ரிசினஸ் என்ற சொல்லுக்கு இலத்தீனில் உண்ணி என்றுதான் பொருள். நம் ஊர்க் கண்ணுக்குத் தெரிந்த ஒற்றுமை ரோமாபுரிக்காரர்களுக்கும் தெரிந்திருக்கிறது.) கீழே விழுந்த பெண் உண்ணி சுவர் வெடிப்பிலோ கல் இடுக்கிலோ புல்லடியிலோ ஒதுங்கி, 2,000 முதல் 3,000 முட்டைகளை இட்டுவிட்டுச் செத்துப்போகும். பொரித்து வரும் குஞ்சுகளுக்கு ஆறே கால். கடுகைவிடச் சிறியவை. புல் நுனியில் ஏறி, மாட்டின் மூச்சுக்கும் உடம்புச் சூட்டுக்கும் காத்திருக்கும். ஈரமும் நிழலும் இருந்தால் மாதக்கணக்கில்கூடப் பட்டினி கிடக்கும்.

ஆக, மாட்டின் மேல் நாம் காணும் உண்ணிகள் மொத்தக் கூட்டத்தில் சிறு பங்கு. பெரும்பகுதி தரையிலும் சுவரிலும் மேய்ச்சல் காட்டிலும் இருக்கிறது. "அடிச்சு நாலு நாள்ல திரும்பவும் வந்துருச்சு" என்று சொல்லும்போது, அது மருந்துக்குத் தப்பிய உண்ணியா, மருந்தின் வீரியம் தீர்ந்தபின் தரையிலிருந்து புதிதாக ஏறிய குஞ்சா என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. நாலு நாளில் கொட்டமுத்து அளவு உண்ணி தெரிந்தால் அது புதிதாக ஏறியது அல்ல. குஞ்சு அந்த அளவுக்கு வளர 3 வாரம் வேண்டும். எனவே அது மருந்தைத் தாண்டி வந்தது. இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டே மருந்து கேட்கிறதா இல்லையா என்று ஓரளவு ஊகிக்கலாம்.

உண்ணி குடிக்கும் ரத்தத்தைவிட அது விட்டுச்செல்லும் நோய்தான் மாட்டைச் சாய்க்கிறது. காபி நிறத்தில் மூத்திரம் போகவைக்கும் பபேசியா, உடம்பை வெளிறவைக்கும் அனாபிளாஸ்மா இரண்டையும் இந்த உண்ணி பரப்புகிறது. நிணநீர்ச் சுரப்பி வீங்கி, காய்ச்சல் ஏறி, கலப்பின மாடுகளைக் கொன்றுபோடும் தைலேரியாவைப் பரப்புவது ஹயலோமா என்னும் இன்னொரு இனம். காங்கேயமும் உம்பளச்சேரியும் இவற்றை ஓரளவு தாங்கும். ஜெர்சி, ஹோல்ஸ்டீன் ரத்தம் கூடக்கூட அந்தத் தாங்குதிறன் குறைகிறது. பால் பெருக்கத்துக்காக இனத்தை மாற்றியபோது உண்ணி மருந்தின் தேவையையும் சேர்த்தே வாங்கிக்கொண்டோம்.

உண்ணிக்கும் நோய்க்கும் உள்ள உறவு உறுதியானது அமெரிக்காவில். அங்கே தெற்கிலிருந்து ஓட்டிவரும் மாடுகள் நன்றாக இருக்கும். அவை நடந்துபோன வழியில் மேய்ந்த வடக்கத்தி மாடுகள் செத்துவிழும். டெக்சாஸ் காய்ச்சல் என்று பெயர். தியோபால்ட் ஸ்மித், கில்போர்ன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வேலி போட்ட வயல்களில் சோதித்தார்கள். தெற்கத்தி மாட்டை உண்ணியோடு விட்ட வயலில் வடக்கத்தி மாடுகள் நோயுற்றன. கையாலேயே உண்ணியைப் பொறுக்கி எடுத்துவிட்டு விட்ட வயலில் நோய் வரவில்லை. தெற்கத்தி மாடே இல்லாமல் உண்ணியை மட்டும் தூவிய வயலிலும் வடக்கத்தி மாடுகளுக்கு நோய் வந்தது. முடிவுகள் 1893-இல் வெளியாயின. கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று உறுதியாவதற்கு முன்பே நடந்த வேலை இது.

அதன்பின் 1906-இல் அமெரிக்கா உண்ணி ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. ஆயுதம் ஆர்செனிக். மாடு நீந்திக் கடக்கும் அளவுக்கு நீளமான குழி வெட்டி, ஆர்செனிக் கரைசலை நிரப்பி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாடுகளை அதில் இறக்கினார்கள். இரண்டு வாரம் என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது: குஞ்சாக ஏறிய உண்ணி உப்பிக் கீழே விழுவதற்குள் இன்னொரு முறை மருந்து பட்டாக வேண்டும். ஏழை விவசாயிகள் எதிர்த்தார்கள். சில இடங்களில் தொட்டிகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஆனாலும் 1943-இல், டெக்சாஸ்-மெக்சிகோ எல்லையோரக் காவல் பட்டை நீங்கலாக, உண்ணி ஒழிந்தது என்று அறிவித்தார்கள். அந்தப் பட்டையில் இன்றும் குதிரையேறிய அரசுக் காவலர்கள் அத்துமீறி வரும் மாடுகளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். தொட்டிகளின் மிச்சமும் இருக்கிறது. புளோரிடாவில் மட்டும் 3,000-க்கும் மேற்பட்ட பழைய தொட்டி இடங்களின் மண்ணில் ஆர்செனிக் கலந்திருக்கும் அபாயம் உண்டு. உண்ணி போய்விட்டது, விஷம் போகவில்லை.

ஆஸ்திரேலியா அந்த வெற்றியைக் காணவில்லை. 1872-இல் ஜாவாவிலிருந்து டார்வினுக்கு வந்திறங்கிய மாடுகளோடு இந்த உண்ணியும் இறங்கியது. குயின்ஸ்லாந்துக்கும் பரவியது. அங்கேயும் ஆர்செனிக் தொட்டிதான். ஏறத்தாழ நாற்பது ஆண்டு வேலைசெய்தது. 1930-களின் பின்பாதியில் ஆர்செனிக்கில் முக்கியும் சாகாத உண்ணிகள் தென்பட்டன. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் டி.டி.டி. என்னும் பூச்சிக்கொல்லி வந்தது, பத்து ஆண்டுக்குள் உண்ணிகளிடம் அதற்கும் எதிர்ப்புத்திறன். பிறகு ஆர்கனோபாஸ்பேட் குடும்பம். 1960-களில் அதுவும் தடுமாறியது. 1970-களில் அமிட்ராஸும் பைரெத்ராய்டும் வந்தன. ஒரு மருந்து தோற்றதும் அடுத்தது கைக்கு வந்தபடியே இருந்ததால், தோல்வியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த வரிசையில் ஒரு கண்ணி எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. பைரெத்ராய்டு புதிய கண்டுபிடிப்பு. ஆனால் சில ஊர்களின் உண்ணிகள் தொடக்கத்திலேயே அதைத் தாங்கின. காரணம் டி.டி.டி. நரம்பில் சோடியம் உள்ளே போக ஒரு கதவு உண்டு. டி.டி.டி. அந்தக் கதவை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும். நரம்பு ஓயாமல் துடித்து உண்ணி சாகும். பைரெத்ராய்டும் அதே கதவைத்தான் பிடிக்கிறது. டி.டி.டி.யை எதிர்த்துக் கதவின் அமைப்பை மாற்றிக்கொண்ட உண்ணியின் பேரன் பேத்திகளுக்குப் பைரெத்ராய்டு புதிய எதிரியாக இருக்கவில்லை. பாட்டன் காலத்து மருந்து பேரன் காலத்து மருந்தைக் கெடுத்தது. டி.டி.டி. காலத்து இன்னொரு பூச்சிக்கொல்லியான பி.எச்.சி. பவுடரை நம் வீட்டுத் தொழுவத்தில் கையால் அள்ளித் தூவியதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அந்த நெடி இன்னும் நினைவிருக்கிறது. அன்று அது உண்ணியை மட்டுமல்ல, பாலையும் எங்களையும் தொட்டிருக்கும் என்பது பின்னாளில்தான் தெரிந்தது. 1997-இல் இந்தியாவில் பி.எச்.சி.க்குத் தடை வந்தது.

கடையில் இன்று கிடைப்பவற்றைக் குடும்பமாகப் பிரித்துத் தெரிந்துகொள்வது பெயரைத் தெரிந்துகொள்வதைவிட முக்கியம். "மெத்ரின்" என்று முடிபவை எல்லாம் மேலே சொன்ன சோடியம் கதவுக்காரர்கள். அமிட்ராஸ் வேறு வழியில் போகிறது: பூச்சிகளுக்கும் உண்ணிகளுக்கும் உள்ள ஆக்டோபமின் என்னும் நரம்புத் தூதுப்பொருளைப் போல நடித்து உண்ணியின் பிடியைத் தளர்த்துகிறது. அது அடித்த மாட்டிலிருந்து உண்ணி உயிரோடே உதிர்வதைக் காணலாம். குதிரைக்கு அமிட்ராஸ் ஆகாது; குடல் இயக்கம் நின்றுபோகும். ஆர்கனோபாஸ்பேட், நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் என்னும் தூதுப்பொருளைத் துடைத்தெடுக்கும் நொதியை முடக்கும். இந்த நொதி மனிதருக்கும் உண்டு என்பதால், அடிப்பவருக்கும் அது விஷம்.

ஐவர்மெக்டின் தனிக் கதை. ஜப்பானில் சடோஷி ஓமுரா மண்ணிலிருந்து பிரித்தெடுத்த நுண்ணுயிரி. அதைக் கொண்டு அமெரிக்காவில் வில்லியம் கேம்ப்பெல் குழுவினர் செய்த வேலை. 1981-இல் கால்நடை மருந்தாக விற்பனை. 2015-இல் இருவருக்கும் நோபல் பரிசு. குடற்புழு, பேன், சொறி என்று பலவற்றையும் ஒரே ஊசியில் அடக்கியதால் உலகமே அதைக் கொண்டாடியது. நம் ஊரிலும் உண்ணி என்றால் "ஒரு ஊசி போட்டுவிடுங்கள்" என்பது பழக்கமாகிவிட்டது. கொழுப்பில் கரையும் இந்த மருந்து பாலில் நாள்கணக்கில் வெளியேறும். மனிதர் குடிக்கும் பாலைத் தரும் கறவை மாட்டுக்கு அதைப் போடக்கூடாது என்று பல நாடுகள் விதி வைத்திருப்பது அதனால்தான். காலையில் ஊசி, மாலையில் பால் சங்கம் என்பது நடக்கவே கூடாத காரியம். சாணியிலும் மருந்து வருவதால் சாணவண்டுகளின் புழுக்கள் சாகின்றன. சாணியை மண்ணுக்குள் இழுத்துச்செல்லும் அந்த வண்டு இல்லாவிட்டால், சாணியில் பெருகும் ஈக்களுக்குத்தான் வசதி.

இனி, தொழுவத்துக்கு வருவோம். மருந்து தோற்கும் இடம் பெரும்பாலும் இங்கேதான்.

நாம் "மூடிக்கணக்கில்" ஊற்றுகிறோம். ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு மூடி. வாளி எத்தனை லிட்டர், மூடி எத்தனை மில்லி என்று யாரும் அளப்பதில்லை. 12.5 சதவீத அமிட்ராஸ் என்றால் மாட்டுக்கு லிட்டருக்கு 2 மில்லி வழக்கமான அளவு. அதாவது பத்து லட்சத்தில் 250 பங்கு. பத்து லிட்டர் வாளிக்கு 20 மில்லி தேவை. மூடி 5 மில்லி பிடித்தால் கால் பங்கு மருந்துதான் போயிருக்கிறது. அடுத்து, ஒரு லிட்டர் கைத்தெளிப்பானில் கலந்து முதுகிலும் விலாவிலும் அடித்துவிட்டு முடித்துவிடுகிறோம். வளர்ந்த மாட்டைத் தோல்வரை நனைக்க 3, 4 லிட்டராவது வேண்டும். உண்ணி முதுகிலா இருக்கிறது? காதின் உட்புறம், அலைதாடி மடிப்பு, முன்னங்கால் இடுக்கு, மடிக்கும் தொடைக்கும் நடுவே, வாலடி; அங்கே மருந்து போவதேயில்லை. மாடு உதைக்கும் என்ற பயமும் உண்டு. அதை நான் குறைசொல்ல மாட்டேன்.

அளவு குறைந்தால் என்ன ஆகிறது? ஒவ்வொரு உண்ணிக்கும் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என எதிர்ப்பைத் தீர்மானிக்கும் மரபணுவின் இரண்டு பிரதிகள். ஒரு பிரதி மட்டும் மாறியிருக்கும் உண்ணி, பல சமயம், முழு அளவு மருந்தில் செத்துவிடும். கால் அளவில் பிழைத்துவிடும். சாதாரண உண்ணிகள் செத்து ஒழிந்தபின் பிழைத்தவை தங்களுக்குள் இணைசேர்கின்றன. இரண்டு பிரதியும் மாறிய குஞ்சுகள் பிறக்கின்றன. அவற்றை முழு அளவும் கொல்லாது. ஒரு பெண் உண்ணிக்கு 2,000 முட்டை என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். குறைத்து அடித்த ஒவ்வொரு முறையும் நாம் உண்ணியில் வீரியவிதை பொறுக்கியிருக்கிறோம். டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரினுக்கு எதிர்ப்பு கொண்ட மாட்டுண்ணிகள் இந்தியாவின் பல மாநிலங்களில் பதிவாகியிருக்கின்றன; அமிட்ராஸுக்கும் ஐவர்மெக்டினுக்கும் எதிர்ப்பு தொடங்கியதற்கான பதிவுகளும் உண்டு.

இதற்கு மறுகோடியில் ஆபத்து. மாட்டு மருந்து கேட்கவில்லை என்று பருத்திக்கும் கத்தரிக்கும் வாங்கிவைத்த பயிர் மருந்தை மாட்டின் மேல் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். பெயர் அதே சைபர்மெத்ரின்தான். ஆனால் அதன் செறிவு வேறு; இலையில் ஒட்டுவதற்காகச் சேர்த்த கரைப்பான்கள் வேறு. தோல் வெந்து, வாயில் நுரை தள்ளி, கன்று செத்த வீடுகள் உண்டு. பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்தைப் பூனைக்குப் போடுவதும் இதே வகைத் தவறு. அந்த விஷத்தை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்குக் குறைவு. வலிப்பு வந்து இறந்துவிடலாம். தெளித்து மிஞ்சியதைக் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டினால், மிகச் சிறு அளவு பைரெத்ராய்டே மீன்களைக் கொல்லப் போதும். கலந்த அமிட்ராஸைப் பாட்டிலில் மிச்சம்பிடித்து அடுத்த வாரம் அடிக்கவும் முடியாது. கரைசலில் அது சிதைந்துவிடும்.

அடிக்கிற மனிதரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பிரிட்டனில் ஆட்டுச் சொறியை ஒழிக்க 1976 முதல் 1992 வரை ஆடுகளை மருந்துத் தொட்டியில் முக்குவது சட்டப்படி கட்டாயம். பெரும்பாலும் ஆர்கனோபாஸ்பேட். தொட்டியோரம் நின்று ஆடுகளை அமுக்கிய விவசாயிகள் பலர் தலைவலி, காய்ச்சல் போன்ற சோர்வு, பின்னாளில் மறதி, மனச்சோர்வு என்று துன்பப்பட்டார்கள். தங்கள் நோயை ஒப்புக்கொள்ளவைக்கவே நெடுங்காலம் போராடினார்கள். நம் ஊரில் வெறுங்கையோடு, லுங்கியோடு, வாயில் வெற்றிலையோடு காற்றுக்கு எதிரே நின்று அடிக்கிறோம். பெரும்பாலும் அந்த வேலை வீட்டுப் பெண்கள் தலையில் விழுகிறது. ஒரு ஜோடி ரப்பர் கையுறை, முகத்தில் ஒரு துணி, காற்று வரும் திசைக்கு முதுகு காட்டி நிற்பது, முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளிப்பது: இதற்கு ஆகும் செலவு பெரிதல்ல.

சாப்பாட்டுக்குள் வந்துவிட்ட விஷத்தால் 2017-இல் ஐரோப்பா ஒரு பாடம் கற்றது. கோழிகளின் ரத்தம் குடிக்கும் சிவப்புச் சிற்றுண்ணி பகலில் கூண்டின் இடுக்கில் ஒளிந்து இரவில் ஏறும். நெதர்லாந்துக் கோழிப்பண்ணைகளில் அதைத் துடைத்தொழிக்க, தாவர எண்ணெய் மருந்து என்ற பெயரில் அடித்த கரைசலில் ஃபிப்ரோனில் என்னும் பூச்சிக்கொல்லி கலந்திருந்தது. உணவுக்கான விலங்குகளில் அதைப் பயன்படுத்த அங்கே அனுமதி இல்லை. பல நாடுகளில் லட்சக்கணக்கான முட்டைகள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. பாட்டிலில் "மூலிகை" என்று எழுதியிருப்பதாலேயே ஒன்று மூலிகை ஆகிவிடாது.

மூலிகை வேண்டாம் என்று சொல்லவில்லை. வசம்பு, பூண்டு, வேப்பிலை, வேப்பங்கொட்டை, மஞ்சள், துளசி, உண்ணிச்செடி இலை ஆகியவற்றை அரைத்து வடிகட்டி உடம்பிலும் தொழுவத்திலும் தெளிக்கும் முறையைத் தமிழ்நாட்டுக் கால்நடை மருத்துவர்கள் ஊர் ஊராகச் சொல்லித்தருகிறார்கள். பாலில் விஷம் தங்குமே என்ற கவலை இதில் இல்லை. ஆனால் இதன் வீரியம் நெடுநாள் நிற்காது. விடாமல் திரும்பத் திரும்பத் தெளிக்க வேண்டும். உண்ணி குறைவாக இருக்கும்போதே தொடங்கியவர்களுக்கு இது கைகொடுக்கிறது. காய்ச்சல் கண்டு படுத்த மாட்டின் பக்கத்தில் உட்கார்ந்து வசம்பு அரைக்கும் நேரத்தில் மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

உண்மையில் பாதி வேலை மாட்டின் மேல் இல்லை. சுவர் வெடிப்பைச் சாந்து பூசி அடைப்பது, சுண்ணாம்பு அடிப்பது, தீச்சுவாலையால் இடுக்குகளைப் பொசுக்குவது, மருந்தடித்த அன்றே தொழுவத்தரையையும் கவனிப்பது, சந்தையில் வாங்கிவந்த மாட்டை உண்ணி போகும்வரை தனியே கட்டுவது. முற்றத்தில் மேயும் நாட்டுக்கோழிகள் விழுந்த உண்ணியைப் பொறுக்கித் தின்னும். மாட்டோடு மாடாய் நடக்கும் வெள்ளைப் பறவைக்கு உண்ணிக்கொக்கு என்றே நம்மவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். அது தின்பது பெரும்பாலும் புல்லிலிருந்து கிளம்பும் பூச்சிகளை என்றாலும், உண்ணியையும் விடாது. 1990-களில் ஆஸ்திரேலியாவிலும் கியூபாவிலும் உண்ணிக்கெதிரான தடுப்பூசிகள் வந்தன. மாட்டின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருள், அதைக் குடிக்கும் உண்ணியின் குடலைச் சிதைக்கும். மருந்தடிக்கும் தடவைகளை அது குறைத்தது, முழுக்க நிறுத்தவில்லை. நம் சிறு விவசாயியின் கைக்கு அது இன்னும் வந்துசேரவில்லை.

மருந்தை மாற்றத்தான் வேண்டும் என்றால் பாட்டிலின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் வேதிப்பெயரைப் படித்துவிட்டுக் குடும்பத்தை மாற்ற வேண்டும். படிக்கத் தெரியாதவர் பழைய பாட்டிலைக் கையோடு எடுத்துப்போய், "இதே குடும்பமா?" என்று கேட்கலாம். அதற்கும் முன்னால், மருந்து உண்மையிலேயே தோற்றதா என்று சோதிக்க வழி இருக்கிறது. உப்பிய பெண் உண்ணிகள் இருபது, முப்பதை நசுக்காமல், தலை அறுந்துபோகாமல் மெதுவாகத் திருகி எடுங்கள். மூடியில் ஊசியால் துளையிட்ட பாட்டிலில் சற்று ஈரமான பஞ்சோடு போடுங்கள். மருந்து அடித்த மாட்டிலிருந்து எடுத்தால், என்ன மருந்து, எந்தத் தேதி என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். கால்நடை மருத்துவர் வழியாக ஆய்வகத்துக்குப் போனால், அங்கே உண்ணிகளை அளந்த மருந்துக் கரைசலில் சில நிமிடம் முக்கி எடுத்து, அவை முட்டையிடுகின்றனவா, எத்தனை எடை முட்டை என்று ஒன்றிரண்டு வாரம் பார்ப்பார்கள். செத்த உண்ணியை வைத்து இதைச் செய்ய முடியாது. உயிரோடு கொண்டுபோக வேண்டும்.